ஒட்டுக்கேட்க முடியாத போன்

மேனேஜர் தேவதாஸ் மறுபடியும் ரகசியம் பேச ஆரம்பித்தார்.

பேக்கிங்கில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பாட்டில் மூடி செய்யும் அந்தக் கம்பெனியில் மேனேஜர் அறை என்பது நாலு பிளைவுட் தட்டி. அதுவும் கூரை வரை எட்டாது.

ஹலோ என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் போல "அலோ" என்றுதான் தொடங்குவார். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். வீட்டில் இன்னும் அந்தப் பென்ஷன் வருகிறது.

மேசையில் போனுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. போன மாதம் பம்பாயிலிருந்து வந்தது. வந்த அன்றே எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் பிரசங்கம் செய்தார். இங்கே பேசுவதை இந்தப் பெட்டி சிதைத்து அனுப்புமாம். மெட்ராஸில் முதலாளி வீட்டில் இருக்கும் இன்னொரு பெட்டி அதைத் திரும்பப் பேச்சாக்குமாம். நடுவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் யார் ஒட்டுக்கேட்டாலும் தகரத்தைத் தரையில் இழுப்பது போலத்தான் கேட்குமாம். மிலிட்டரியில் மட்டுமே இருக்கிற சாமானாம்.

பெட்டி வழியே போனால் குரல் மெலிந்துவிடும் என்று அவர் தொண்டை கிழியக் கத்துவார். எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்காதது கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் வரைக்கும் கேட்டது.

இவ்வளவு படித்த மனுஷனுக்கு இவ்வளவுதான் மூளை என்று பேக்கிங்கில் இருந்த தனக்கொடிக்கு இளக்காரம். சாப்பாட்டு வேளையில் தூக்கு மூடியைக் காதில் வைத்து அவரைப் போலவே கத்திக் காட்டுவாள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலேயே இப்படி ஒரு முட்டாள் கிடையாது என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அவர் கத்தியதெல்லாம் நடந்தது. நைட் ஷிப்டை நிறுத்தப் போவதாகக் கத்தினார். மறுவாரம் நின்றது. சாயங்கால டீயை வெட்டப் போவதாகக் கத்தினார். வெட்டினார்கள்.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை வேலைநிறுத்தம்.

மெஷினில் வீராயியின் கை நசுங்கியிருந்தது. அப்படி ஒருத்தி இங்கே வேலையே பார்க்கவில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதைப் பொறுக்காமல் ஆட்களைத் திரட்டியவர் மோல்டிங்கில் இருந்த கலியபெருமாள். வேலை முடிந்து வீடு வீடாகப் போய்ப் பேசினார். பெண்களில் முதலில் சரி என்றவள் தனக்கொடி. அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர் அவர்தான். அவளுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி.

தட்டிக்குப் பின்னால் மேனேஜரின் குரல் இன்னும் ஏறியது.

"ஆமா சார், கலியபெருமாள் நம்ம ஆளுதான். சூப்பர்வைசர் வேலை கேட்டான், தரேன்னுட்டேன். யார் யார் முன்னால நிக்கிறாங்கன்னு பேரெல்லாம் குடுத்துட்டான்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலத்துக்குள் விஷயம் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. யார் காதிலும் விழாது என்று நம்பிப் பேசுகிறவன் எதற்காகப் பொய் சொல்லப் போகிறான்?

திங்கட்கிழமை காலை கலியபெருமாள் கேட்டருகே கொடியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். தனக்கொடி வந்தபோது மட்டும் அவர் குறுக்கே வந்தார். வீராயிக்காகவாவது நில்லு என்றார்.

அவள் அண்ணே என்று கூப்பிடவில்லை.

"எங்க பேரை எல்லாம் வித்துட்டு சூப்பர்வைசர் ஆவப் போறியா நீ? த்தூ."

எச்சில் அவர் செருப்பில் விழுந்தது. கலியபெருமாள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். காரியம் ஆனதும் கழற்றி விட்டார்கள், காட்டிக்கொடுத்தவனுக்கு இதுதான் கதி என்று பேக்கிங்கில் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாளில் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோதும் அதையேதான் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் டெலிபோன் லைன்மேன் அம்மாவாசை ஏணியோடு வந்தார். கம்பத்தில் ஏறிக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினார். தனக்கொடியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒருவழியாக முடிந்தது என்றார்.

என்ன முடிந்தது என்று அவள் கேட்டாள்.

"தீவாளிப் புயல்ல அறுந்த லைனுதான் அக்கா. பேட்டையில எல்லாருக்கும் குடுத்துட்டோம், உங்க கம்பெனிதான் பாக்கி."

மேனேஜர் தினமும் பேசிக்கொண்டுதானே இருந்தார் என்றாள். இரண்டு மாதமாகக் கம்பியே இல்லை, அவர் யாரிடம் பேசியிருக்க முடியும் என்று சிரித்துவிட்டு, அம்மாவாசை ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

தட்டிக்குப் பின்னால் போன் மணி அடித்தது.

தேவதாஸ் எடுத்தார். வெகுநேரம் பேசினார். ஒரு வார்த்தைகூட வெளியே கேட்கவில்லை.