இன்னாசிராஜ் செத்த நாள்

பந்தலுக்கு முன்னால் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்க்கப் பார்க்க அமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாண போட்டோவிலிருந்து புருஷன் இன்னாசிராஜை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். வெட்டியதையாவது ஒழுங்காக வெட்டினார்களா? வளையல் போட்ட இவளுடைய கை மட்டும் அவன் தோளில் தனியாகத் தொங்கியது.

எல்லாம் கொழுந்தன் ஜேக்கப்பின் யோசனை.

இன்னாசிராஜ் சாகவில்லை. கல் குவாரியில் வெடி வைத்துக்கொண்டிருந்த மனுஷன், எவன் நாட்டுச் சண்டைக்கோ கூலிக்குத் துப்பாக்கி தூக்கப் போனான். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டான். அமுதா தலைதலையாய் அடித்துக்கொண்டாள், கேட்டானா? அங்கே போய்ப் பிணங்களைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. படையை விட்டு ஓடி, எல்லை தாண்டி, பக்கத்து நாட்டில் அடைக்கலம் கேட்டு ஒரு முகாமில் உட்கார்ந்திருக்கிறான். ஓடிப்போனவன் அகப்பட்டால் விசாரணையே கிடையாதாம், சுட்டுவிடுவார்களாம்.

ஆள் அனுப்பிய பொம்மிடி ஏஜென்ட் அர்ச்சுனன் வாரம் தவறாமல் வாசலில் வந்து நின்றான். அண்ணனிடமிருந்து போன் வந்ததா என்ற ஒரே கேள்வி. படைக்காரனுக்காக மோப்பம் பிடிக்கிறான், பாவி என்று அமுதா வயிறெரிந்தாள்.

"செத்துட்டாருன்னு சொல்லிட்டா எவன் அண்ணி தேடப்போறான்?" என்றான் ஜேக்கப்.

ஊர் வாயில் லேசாகப் போட்டு வைத்தால் போதும் என்றுதான் அவளும் தலையாட்டினாள். இவனோ சாமியானா, சேர், மோளம், டீ கேன் என்று இறங்கிவிட்டான். போதாததற்கு அந்தப் பேனரை ஃபேஸ்புக்கில் வேறு ஏற்றியிருந்தான். பங்குச் சாமியாரை மட்டும் கூப்பிடவில்லை. பொய்ச் சாவுக்குப் பூசை வைத்தால் பாவம் என்று அவனுக்கே பயம்.

நல்லம்பள்ளியிலிருந்து ரோஜா மாலையோடு வந்து இறங்கிய ராயம்மாள் சித்தி, அமுதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தவள் விடுகிற மாதிரி தெரியவில்லை.

அர்ச்சுனனும் வந்திருந்தான். முன்வரிசைச் சேரில் உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

எழுந்து உள்ளே போகலாம் என்றால் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. சித்தியின் பிடியும் தளரவில்லை. அப்படியே காதில் வைத்தாள்.

ஒரு பெண் இலங்கைத் தமிழில் பேசினாள். "நான் மொழிபெயர்ப்பாளர் கதைக்கிறன். இன்னாசிராஜ் செத்துப்போனதா அவற்ற தம்பியே ஃபேஸ்புக்கில போட்டிருக்கிறார். அப்ப இஞ்ச முகாமில இருக்கிற ஆள் ஆரெண்டு அதிகாரி கேக்கிறார். உங்கட மனுசன் உயிரோட இருக்கிறாரோ?"

போனில் அந்தப் பெண்ணுக்குப் பின்னாலிருந்து இன்னாசிராஜின் குரல் கேட்டது. "அமுதா, சொல்லுடி! இல்லாட்டி இன்னைக்கே எல்லைக்கு அந்தாண்ட கொண்டுபோய் வுட்டுருவாங்க!"

இருக்கிறார் என்றால் அர்ச்சுனன் காதில் விழும். இல்லை என்றால் அங்கே கதை முடிந்தது.

யாரைச் சொல்லி அழுவது? போனவனையா, அனுப்பியவனையா, பேனர் அடித்தவனையா? போதும்டா சாமி என்று வந்துவிட்டது அவளுக்கு.

"இருக்காருங்க!" என்று கத்தினாள். "குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்காரு! அங்க இருக்கறது அவரேதான். என் தாலி மேல சத்தியம்!"

மோளம் நின்றது. ராயம்மாள் சித்தி பாதி ஒப்பாரியில் வாயைத் திறந்தபடியே இருந்தாள். ஜேக்கப் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சரியம்மா, அது போதும். அதிகாரியிட்ட சொல்லுறன்," என்று சொல்லிப் போனை வைத்தாள் அந்தப் பெண்.

அர்ச்சுனன் எழுந்து வந்தான். போச்சு, இனி இவன் படைக்காரனுக்கு ஒரு போன் போட்டால் போதும் என்று நினைத்தாள் அமுதா. விழுந்து காலைப் பிடிக்கலாமா என்றுகூட யோசித்தாள்.

அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அப்போ எங்க சென்றாயனும் இருக்கானாங்க்கா?"

சென்றாயன் இவனுக்கு யார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"என் தம்பிங்க்கா. அண்ணன்கூடத்தான் அவனையும் ஏத்திவுட்டேன். அவன் பெங்களூர்ல இருக்கான்னு எங்கம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவன்கிட்ட இருந்து போனே இல்லீங்க்கா. அண்ணன் பேசுனா அவனப் பத்திக் கேக்கலாம்னுதான் நான் வாரா வாரம் வந்தேன்."

அந்தப் பெயர் அமுதாவுக்குத் தெரியும். முகாமிலிருந்து முதல் தடவை பேசியபோது இன்னாசிராஜ் தேம்பித் தேம்பிச் சொன்ன பெயர். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓடியிருக்கிறார்கள். முள்வேலி வரைக்கும் சென்றாயன் பின்னாலேயே வந்திருக்கிறான். மேலே ஏறிய இன்னாசிராஜ் கையை நீட்டித் தூக்கும்போதே சென்றாயன் மேல் குண்டு பாய்ந்து அங்கேயே உயிர் போய்விட்டது.

அர்ச்சுனனைத் திட்ட வேண்டும் என்று இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததை அவள் அப்படியே விழுங்கினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அமுதா பக்கத்திலிருந்த சேரை இழுத்துப் போட்டாள்.

"மொதல்ல இப்படி உக்காருங்க தம்பி," என்றாள்.