மாப்பிள்ளை பார்க்கும் படலம்

நாளை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பி.ஏ. முடித்தவளும் காபித் தட்டோடுதான் நிற்க வேண்டுமாம். அதற்குள் மாப்பிள்ளையை நான் பார்த்துவிடுவது என்று, தோழி உமையாள் வீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் காரைக்குடிக்கு, அவருடைய ஒர்க்‌ஷாப்புக்கே போனேன்.

"பானெட் கேபிள் அறுந்துபோச்சு" என்றேன், யாரென்று சொல்லாமல்.

முன்பக்கக் கம்பி வலைக்குள் கையை விட்டுக் கொக்கியை இழுத்துத் திறந்தார் மாப்பிள்ளை கோட்டைச்சாமி. புதுக் கேபிளைக் கோத்தார்.

"உள்ள உக்காந்து லீவரை இழுங்க."

"பொம்பள இழுக்கலாமா?" என்று சீண்டினேன்.

"கை இருந்தாப் போதும்."

இழுத்தேன். பானெட் டக்கென்று எழும்பியது. ஆள் பரவாயில்லை, சரி என்று சொல்லிவிடலாம்.

கிளம்பும்போது பழைய கேபிளை நீட்டினார்.

"இது அறுந்ததில்ல, வெட்டியிருக்கீக. போட்டோவுல இம்புட்டுக் கோவம் தெரியலையே! நாளைக்கு நாங்க வார காருல கை வச்சிராதீக."