அரைப்பேர்

"ராசம்மா, பெரட்டுக்கு நேரமாச்சு. இன்னும் உள்ளுக்குள்ள என்னா பண்ற? அரைப்பேருதான் போடுவேன்."

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் சோலைமலைக் கங்காணி நின்றார். பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் பாதிச் சம்பளம் போச்சு. ஈவிரக்கம் இல்லாத மனுஷன்.

"இந்தா வந்துட்டேங்க கங்காணி."

"வெறும் வயித்தோட மலைக்கு ஏறி மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? மொதல்ல ரொட்டியத் தின்னு. இந்த மாத்திரையையும் முழுங்கு."

அவள் ரொட்டியை அவசர அவசரமாகப் பிய்த்து வாயில் போட்டாள். தின்னும்போதுகூடவா தலைக்கு மேலே நின்று மிரட்டுவது?

"எங்க வீட்டுக்காரரு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போயிருக்காரு. வரட்டும், ஒங்கள கேக்கச் சொல்றேன்."

"வரட்டும், வரட்டும்."

ராசம்மா சும்மா சொல்லவில்லை. ஒருமுறை அவளைக் கண்டபடி திட்டியதற்காக, பெரட்டுக் களத்திலேயே எல்லார் முன்னாலும் கங்காணியின் சட்டையைப் பிடித்து உலுக்கியவர் அவள் புருஷன். அதை நினைத்ததும் ராசம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மாத்திரையையும் விழுங்கினாள்.

நனைந்த குடையோடு யாரோ ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"வா ஜெயந்தினி. கண்டியில டாக்டர் என்னா சொன்னாரு?" என்றார் கங்காணி.

"ஸ்கேன் படத்த வச்சுத்தான் சொன்னாரு. மூளையில ஒரு எடத்துக்கும் இன்னொரு எடத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துக்கிட்டே வருதாம். மொகம் ஒரு பக்கம் கெடக்கு, பேரு ஒரு பக்கம் கெடக்கு, ரெண்டையும் சேக்குற பாதை இல்லையாம். ரொம்பக் காலம் நடந்து பழகின பாதைதான் இன்னும் கொஞ்ச நாள் தாங்குமாம்."

யார் பெற்ற பிள்ளைக்கோ வந்த நோய். ராசம்மாவுக்குப் பாவமாக இருந்தது.

"குணமாகாதா?" என்றார் கங்காணி.

"ஆகாதாம்."

கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். இந்த ஆளுக்குக்கூட அழ வருமா என்று ராசம்மா அதிசயமாகப் பார்த்தாள்.

ஜெயந்தினி அவர் தோளைத் தொட்டாள். "சோலைமலைக் கங்காணி செத்தே இருவது வருசமாச்சு. அந்தாளு சட்டையப் புடிச்சு உலுக்குன நீங்களே, தெனம் அந்தாளு மாதிரி கத்தணுமாப்பா?"

"புருசனா வந்து கூப்புட்டா, யாரு நீங்கன்னு பயந்து ஒதுங்குறாம்மா. கங்காணியா வந்தாத்தான் ஒங்கம்மா ஒரு வாய் சாப்புடுறா."