முழுச் சத்தம்

“நீதாண்டா அவனைக் கொன்னது!”

டீக்கடை பச்சியப்பன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கிருஷ்ணப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, எதிரே இருந்த தன் ரேடியோ ரிப்பேர் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

டாக்சி ஓட்டும் பிலவேந்திரன் தொப்பூர் கணவாயில் செத்துப்போனதிலிருந்து அந்தக் கடைப் படியை யாரும் மிதிப்பதில்லை.

“பின்னால வந்த லாரிக்கு பிரேக் புடிக்கல. ஹாரன் அடிச்சிக்கிட்டேதான் வந்திருக்கான். கார்ல பாட்டு அந்த அலறு அலறினா எப்படிக் கேக்கும்?”

தருமபுரி பஸ் ஸ்டாண்டு முழுக்க இதே பேச்சு.

கிருஷ்ணப்பனாலும் மறுக்க முடியவில்லை. பிலவேந்திரன் காரில் மாட்ட முதலில் வாங்கி வந்தது எட்டு ஓம்ஸ் ஊஃபர், கனத்த சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்.

“சத்தமே பத்தலப்பா. நெஞ்சு அதிரணும்” என்றான்.

“உன் ஆம்ப்ளிஃபையர் நாலு ஓம்ஸுக்குச் செஞ்சது. ஸ்பீக்கரும் நாலு ஓம்ஸா இருந்தாத்தான் முழு பவரும் வெளிய வரும்” என்று சொல்லி, பெங்களூரிலிருந்து வேறு ஊஃபர் வரவழைத்துப் பெட்டி செய்து மாட்டிக்கொடுத்தவன் கிருஷ்ணப்பன்தான். முதல் பாட்டுக்கே கார் கதவெல்லாம் அதிர்ந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

பழையதே போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வேலையில்லாத பகலெல்லாம் இதே நினைப்பு. வாடகை அறைக்குப் போனால் அங்கேயும் பேச ஒரு நாதியில்லை. கடையில் இருந்த ரேடியோக்களில் ஒன்றைக்கூட அவன் இப்போதெல்லாம் போடுவதில்லை. சத்தம் என்றாலே பயமாக இருந்தது.

சந்தை நாளன்று கடை வாசலில் ஒரு ரிக்‌ஷா நின்றது. இறங்கியவள் ராஜமேரி. பிலவேந்திரனின் மனைவி. மடியில் வைத்திருந்த அந்த ஊஃபர் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

தெருவே வேடிக்கை பார்த்தது. பச்சியப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

கிருஷ்ணப்பன் எழுந்து நின்றான். சாவுக்குக்கூட அவன் போகவில்லை. போகத் தைரியம் வரவில்லை.

“எத வேணா சொல்லும்மா, கேட்டுக்கறேன்.”

“சொல்லத்தாங்ண்ணா வந்தேன்.”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அவனைப் பார்க்காமல் தெருப்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க! இந்தப் பொட்டி அன்னிக்கு வண்டியிலயே இல்ல. சவாரிக்காரங்க மூட்டை வைக்க எடம் வேணும்னு முந்தின நாளே கழட்டி வூட்ல வச்சிட்டாரு. பாட்டே இல்லாமத்தான் போனாரு. லாரிக்கு பிரேக் போனா அதுக்கு இந்த அண்ணன் என்ன பண்ணுவாரு? இவரைப் போயி ஏன் பேசறீங்க?”

பச்சியப்பன் கடைக்குள் திரும்பிப் போனார்.

கிருஷ்ணப்பன் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “நெசமாம்மா?”

“ஆமாங்ண்ணா.” அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. “இது உங்ககிட்டயே இருக்கட்டும். வூட்ல தனியா இதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியல.”

அதற்குமேல் நிற்கவில்லை. ரிக்‌ஷா ஏறிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பச்சியப்பனே டீயோடு வந்தார். “மனசுல வச்சிக்காதப்பா. ஊர் பேசுச்சு, நானும் பேசிட்டேன்.”

சந்தைக்கு வந்த ஒருவர் பாடாத டேப் ரெக்கார்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். கிருஷ்ணப்பன் சாலிடரிங் அயர்னைச் சூடாக்கினான். எவ்வளவு காலம் கழித்து மூச்சு நெஞ்சு வரைக்கும் போகிறது!

கடை மூடும்முன், அந்த ஊஃபரை ஒரு தடவை பாடவைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பெட்டியைத் தூக்கினான். உள்ளே என்னவோ சலசலத்தது. அப்போதுதான் முன்பக்கத்துத் துணியைக் கவனித்தான். அவன் ஒட்டிக்கொடுத்த கறுப்புத் துணி இல்லை அது. பழைய சேலையிலிருந்து கிழித்துக் கையாலேயே தைத்தது.

தையலைப் பிரித்தான். ஊஃபரின் காகிதக் கூம்பு தாறுமாறாகக் கிழிந்திருந்தது. பெட்டியை மெதுவாகச் சாய்த்தான்.

அவன் உள்ளங்கையில் உடைந்த கார் கண்ணாடி சில்லுச் சில்லாக வந்து விழுந்தது.