மூணு மணிப் பனி

"புருஷன் உள்ள வெந்து போய்ப் படுத்துக்கினு இருக்கான். இவ இன்னாடான்னா நான் வந்ததுலேர்ந்து செல்லை நோண்டிக்கினு இருக்கா!"

மெர்சி சத்தமாகவே சொன்னாள். தீக்காய வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரைச் சொன்னாளோ, அவள் மட்டும் நிமிரவில்லை.

அவள் பிரின்சி. மெர்சியின் தம்பி ஸ்டீவனுடைய மனைவி.

ஸ்டீவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. பதினெட்டு நாளைக்கு முன்னால் உலையிலிருந்து தெறித்த இரும்புக் குழம்பு, கழுத்திலிருந்து வலது கை வரைக்கும் சுட்டுவிட்டது.

தம்பிக்கு முட்டை அவித்து எடுத்துக்கொண்டு மெர்சி கடம்பத்தூரிலிருந்து வந்திருந்தாள். வந்து ஒரு மணி நேரமாகிறது. "வாங்க அண்ணி" என்றதோடு சரி, பிரின்சி மறுபடி செல்லில் மூழ்கிவிட்டாள்.

மெர்சி எட்டிப் பார்த்தாள். ஏதோ மலை. பிரின்சி விரலால் தள்ளினாள். வேறு ஏதோ தெரு. மறுபடி தள்ளினாள்.

"அப்படி இன்னாதான் பாக்குறே?"

"பனி கொட்டுற ஊரு தேடுறேன் அண்ணி. நேத்து பாத்த ஊர்ல இன்னிக்கு மழை."

மெர்சிக்குச் சுர்ரென்று ஏறியது. செல்லைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எங்க ஊட்டுப் புள்ள சாவப் பொழைக்கக் கெடக்குறான். ஒனக்கு ஊரு சுத்திப் பாக்கணுமா?"

"அண்ணி, குடுங்க. மணி மூணாவப் போவுது."

"ஆனா இன்னா?"

"கட்டு பிரிக்கிற நேரம் அண்ணி. ப்ளீஸ், குடுத்துடுங்க."

கதவு திறந்தது. நர்ஸ் சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள்.

"பிரின்சி, வாம்மா. செல் எங்க?"

"என்னாண்ட இருக்கு சிஸ்டர்" என்றாள் மெர்சி. "உள்ள போயும் இவளுக்குச் செல்லு கேக்குதா?"

"அவளுக்கு இல்லம்மா, உங்க தம்பிக்கு. குடுங்க. அது இல்லாம நான் கட்டுல கை வெக்க மாட்டேன்."

மெர்சி ஒன்றும் புரியாமல் பையைத் திறந்தாள்.

கதவு முழுதாக மூடவில்லை. மெர்சி இடுக்கில் நின்றாள். முதல் வாரம் இதே கதவுக்குப் பின்னால் தம்பி கத்திய கத்தலைத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவள் அவள். அப்புறம் இன்றைக்குத்தான் வருகிறாள்.

பிரின்சி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, செல்லை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இன்னிக்கு எந்த ஊரு?" என்றான் ஸ்டீவன்.

"நார்வேல ஒரு குட்டி ஸ்டேஷனு. பனி எப்டி கொட்டுது பாருங்க. ஒரு ஆளு வாரித் தள்ளிக்கினு இருக்கான்."

"ரயில் வந்துச்சா?"

"இன்னும் வர்ல. இருங்க, வரும்."

சம்பூர்ணம் கட்டை நனைத்து மெதுவாக உரித்தாள். ஸ்டீவனின் இடது கை கட்டில் கம்பியை இறுக்கியது. கால் விரல்கள் மடங்கின. சத்தம் மட்டும் வரவில்லை.

"வந்துடுச்சு! செவப்பு ரயிலு! பாருங்க, பாருங்க!"

பிரின்சி கூவி முடிப்பதற்குள் கடைசித் துணியும் உரிந்து வந்துவிட்டது.

வெளியே வந்ததும் பிரின்சி தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மனசை வேற பக்கம் திருப்புங்கன்னு சிஸ்டர்தான் சொன்னாங்க அண்ணி. காமெடி போட்டேன். சிரிச்சா கழுத்துல தோலு இழுக்குது. பாட்டு போட்டேன், பாதியில கத்திட்டாரு. அப்புறம்தான் இது கெடைச்சுது. அந்த ஊர்க்காரங்க தெருவுல கேமரா வெச்சு, இப்போ நடக்குறதை அப்டியே காட்டுறாங்க. ரயில் எப்போ வரும், யாரு வருவாங்கன்னு நமக்கே தெரியாது. அவரு காத்துக்கினே இருப்பாரு. பனியைப் பாத்தா ஒடம்பே குளுருதுன்னு சொன்னாரு அண்ணி!"

சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது.

"அந்தக் கேமரா வெச்சவங்க யாரோ, எவரோ. தெனம் ஜெபத்துல அவங்களையும் சேத்துக்குறேன்."

மெர்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா பேசிட்டேன் பிரின்சி. மனசுல வெச்சுக்காதே. நீ போய்ச் சாப்ட்டு வா, நான் பாத்துக்கறேன்."

உள்ளே போய், முட்டையை உரித்துத் தம்பிக்குத் துண்டு துண்டாக ஊட்டினாள்.

"ஒம் பொண்டாட்டி கெட்டிக்காரிடா. எங்கியோ கொட்டுற பனியை வெச்சு ஒன் வலியை எறக்கிட்டா."

ஸ்டீவன் வாசல் பக்கம் பார்த்தான். பிரின்சி இல்லை.

"வலி அப்டியேதான்க்கா இருக்கு. அவளாண்ட சொல்லிடாதே."

மெர்சியின் கை நின்றது. "இன்னாடா சொல்றே? அப்புறம் எப்டி கத்தாம இருந்தே?"

"மொத நாளு அவ பனியைக் காட்டுனப்போ எப்டியோ பல்லைக் கடிச்சுக்கினேன். பனியாலதான் வலி தெரியலன்னு அவ நெனச்சிட்டா. அன்னிக்குத்தான் வயித்துக்குச் சாப்ட்டா, நல்லாத் தூங்குனா. இப்போ நான் கத்துனா அவ தாங்குவாளா?"

"அப்போ அந்த ரயிலு, பனி, எதையுமே நீ பாக்கலையா?"

"எங்கேக்கா பாக்கறது?" ஸ்டீவன் லேசாகச் சிரிக்கப் பார்த்தான். "மாஸ்க்கைப் போட்டுக்கினு செல்லைப் புடிச்சிருப்பா இல்ல, அதுக்கு மேல அவ கண்ணு ரெண்டும் தெரியும். நான் அதைத்தான் பாத்துக்கினு இருப்பேன்."