ஒரு சாண் தூரம்

ஞானசேகரின் சைக்கிளுக்கு ஒரு சாண் பின்னால்தான் புனிதா எப்போதும் ஓட்டுவாள். எதிர்க்காற்றை அவன் நெஞ்சில் வாங்கிக்கொள்வான். ரோட்டில் பள்ளம் வந்தால் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக் காட்டுவான். அந்தக் கையையும் பின்சக்கரத்தையும் விட்டு அவள் கண் விலகக் கூடாது. கல்யாணமான ஆறு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமைதோறும், ஆற்றோரச் சாலையில் இப்படியேதான் மேடேறி இறங்கினார்கள்.

அன்று வழியில் டீக்கடைக்காரி கேட்டாள். "ஆத்துல தண்ணி வருதாம்மா?"

புனிதாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆறு எந்தப் பக்கம் என்றே யோசிக்க வேண்டியிருந்தது.

"இன்னைக்கு நான் முன்னாடி போறேங்க."

ஞானசேகர் சிரித்தான். "உனக்கெதுக்கு இந்த வேலை? சரி, போ. பள்ளம் வந்தா கை காட்ட மறந்துடாத. பின்னாடி வர்றவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

"தெரியும்" என்றாள்.

இறக்கத்தில் காற்று அவள் முகத்தில் அறைந்தது. இடப்பக்கம் ஆறு, கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. எதிரே, சாலை நடுவில், ஒரு பள்ளம் வாயைப் பிளந்து கிடந்தது. ஒரு சாண் பின்னால் அவன் சக்கரம் இரைவது கேட்டது. அவள் ஒதுங்கினாள்.

கை மட்டும் ஹேண்டில்பாரை விட்டு எழவில்லை.