கம்பத்தைச் சுற்றிய கேபிள்

பிள்ளையார்பாளையத்து வாடகை வீட்டு மொட்டைமாடியில், செயற்கைக்கோள்கள் வழியாகப் பேசுவதற்கு சுகாசினி ஒரு ரேடியோ ஆன்டெனா வைத்திருந்தாள். மோட்டார் அதைத் திருப்பும்போது இழுபடாதிருக்க, கேபிளைத் தாராளமாகத் தொங்கவிட்டிருந்தாள். ஆனால் தினமும் காலையில் அது கம்பத்தில் தறியில் பாவு சுற்றின மாதிரி பல சுற்று இறுகிக் கிடந்தது. மோட்டாரோ ஒரு சுற்றுக்கு மேல் போகாது.

வீட்டுக்காரர் தணிகாசலத்திடம் சண்டைக்குப் போனாள். "யாரு சார் மேல போய் இத திருகறது? கேபிளே பிஞ்சுடும் போல இருக்குது!"

"மாடி சாவி உங்கிட்டதானேம்மா இருக்குது? என்ன எதுக்கு கேக்கற?" என்று அவரும் எகிறினார்.

கோபத்தோடு மாடியேறி மோட்டார் ஒயரையே பிடுங்கிப் போட்டாள். கேபிளைப் பிரித்துவிட்டு நகர்ந்தபோது, ஆன்டெனா வானத்தை விட்டுத் தாழ்ந்து அவள் பக்கம் திரும்பியது. "எதுக்கு என்னையே பாத்துக்கினு இருக்கற?" என்று கத்திக்கொண்டே கம்பத்தைச் சுற்றி நடந்தாள். அதுவும் கூடவே திரும்பியது. கேபிள் மறுபடி ஒரு சுற்று சுற்றிக்கொண்டது.

கீழே ஓடிவந்து தெருவில் நின்றாள்.

அங்கே நின்றிருந்த தணிகாசலம் மேலே நிமிர்ந்து பார்த்தார். "வானத்த பாத்து வைக்கறத ஏம்மா தெருவ பாத்து வச்சிருக்கற?"

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். மேலே கேபிள் லேசாக உரசியது.